பூனை தங்காத வீடு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல் மாணவன்

எங்கள் பக்கத்தில் ‘பூனை தங்காத வீடு’ என்று ஒரு சொல் வழங்கி வருகிறது. ஒரு வீட்டில் வளர்ந்த பூனை நோய்கண்டு இறந்துபோகும். பிள்ளைகள் அழுவதைப் பொறுக்கமாட்டாமல் பெரியவர்கள் ஒரு மாதத்தில் வேறொரு குட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். அதுவும் பத்துப் பதினைந்து நாளில் சோற்றை வெறுத்து, வாந்தியெடுத்து, சுருண்டு படுத்துவிடும். மூன்றாவது குட்டிக்கும் அதே கதி நேர்ந்துவிட்டால், அந்த வீட்டுக்குப் பூனை ராசியில்லை என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும். வாசல் பார்த்த திசை சரியில்லை என்பார் ஒருவர். வீட்டுக்காரரின் கைராசி என்பார் மற்றொருவர்.

இத்தீர்ப்பை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அடுத்தடுத்துக் குட்டிகள் இறந்தது தெருவார் கண்ணால் கண்ட உண்மை. அவர்கள் கண்டது சரி; கற்பித்த காரணமே வேறு. அந்தக் காரணம் யாது, தொற்றுநோயில் ஒரு பூனையை இழந்த வீட்டுக்கு அடுத்த பூனை எப்போது வரலாம், எத்தகைய பூனை வரலாம் என்பனவற்றை எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பூனைக்குப் போய் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்க வேண்டாம். சில வீடுகளில் பூனை செல்லப்பிராணி மட்டுமன்று. வேலையில் பங்காளியும் ஆகும்.

நெசவாளர் வீட்டில் பூனை

அருப்புக்கோட்டைப் பக்கத்து நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பா குழித்தறியில் சேலை நெய்கிறார். அம்மா தார் சுற்றித் தருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுவது நெசவில் வழக்கம். அந்தக் கஞ்சி மணத்துக்கு எலிகள் வரும். ஓர் இரவில் ஓர் எலி பாவில் ஓடினால் போதும். நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போடுவதில் இரண்டு நாள் கழிந்துவிடும். நெய்யாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆகவே பூனை இல்லாத நெசவாளர் வீட்டை எங்கள் தெருவில் காண்பது அரிது.

எங்கள் வீட்டில் செம்பி என்றொரு பூனை இருந்தது. செம்புக் குடத்தின் நிறம் என்பதால் என் தங்கை வைத்த பெயர் அது. 2024 ஆகஸ்டு மாதத்தில், பத்து மாதமே ஆகியிருந்த செம்பி, ஒரு நாள் காலையில் பாலைத் தொடவில்லை. மறுநாள் மஞ்சள் நுரையாக வாந்தியெடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. தாகம் இருந்தும் குமட்டலால் குடிக்க முடியாத இந்த நிலை, இந்நோயில் பலரும் கண்டு சொல்லும் அடையாளம் ஆகும்.

அப்பா அதை ஒரு கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, பேருந்தில் மதுரைக்கு எடுத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். நல்ல நிலையில் உள்ள பூனைக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 5,500 முதல் 19,500 வரை வெள்ளணுக்கள் இருக்கும். செம்பிக்கு 600 கூட இல்லை. இந்நோய்க் கிருமியை நேராகக் கொல்லும் மருந்து கைவசம் இல்லை என்றும், உடலில் நீர் வற்றாமலும் வேறு கிருமிகள் புகாமலும் காத்து, உடல் தானே மீண்டெழக் காலம் வாங்கித் தருவதுதான் சிகிச்சை என்றும் அவர் விளக்கினார். உரிய காலத்தில் சிகிச்சை கிடைத்தால் பிழைக்கும் பூனைகளும் உண்டு. செம்பி மூன்றாம் நாள் இறந்தது.

இந்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழே கட்டம் கட்டமாக வெள்ளணுக்களை எண்ணிப் பழகியபோது, அந்தக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தால் அதன் பொருள் என்ன என்பதை வகுப்பில் வேறு யாரையும்விட நான் நன்றாக அறிந்திருந்தேன்.

சிறிய கிருமி, பெரிய கேடு

செம்பிக்கு வந்த நோயின் பெயர் பான்லூக்கோப்பீனியா. ‘எல்லா வெள்ளணுக்களும் குறைந்துபோதல்’ என்பது இக்கிரேக்கச் சொற்கோவையின் பொருள். நோயை உண்டாக்குவது பூனைப் பார்வோ வைரஸ். இலத்தீன் மொழியில் ‘பார்வஸ்’ என்றால் சிறியது. பெயருக்கேற்ப இதன் குறுக்களவு ஏறத்தாழ 20 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் ஒரு பங்கு. ஆகவே சாதாரண நுண்ணோக்கியில் இது தெரியாது. மின்னணு நுண்ணோக்கி வேண்டும். இந்நோய்க்குக் காரணம் வடிகட்டியிலும் சிக்காத நுண்மம் என்று வெர்ஜ், கிறிஸ்டோபோரோனி என்ற ஆய்வாளர்கள் 1928-இல் பிரான்சில் காட்டினார்கள்.

இவ்வளவு சிறிய கிருமி இத்தனை கேட்டை எப்படி விளைவிக்கிறது? அதன் சிறுமையிலேயே விடை இருக்கிறது. இந்த வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 5,100 எழுத்துகளே கொண்டது; மனிதனின் மரபுச் செய்தியோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அத்தனை சிறிய ஏட்டில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்கான குறிப்பை எழுதிவைக்க இடமில்லை. எனவே, தான் புகுந்த செல் எப்போது தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறதோ, அப்போது அதன் கருவிகளையே இரவல் வாங்கித் தன்னையும் படியெடுத்துக்கொள்கிறது. சொந்தத் தறி இல்லாதவன், தறி ஓடும் வீட்டைத் தேடிச் செல்வது போன்றது இது.

ஓயாமல் பிரிந்து பெருகும் செல்கள் உடலில் எங்கெங்கே உள்ளன? எலும்பு மஜ்ஜையில் உள்ளன. அங்கேதான் வெள்ளணுக்கள் பிறக்கின்றன. நிணநீர்த் திசுக்களிலும் குடலின் உட்சுவரிலும் உள்ளன. வைரஸ் இம்மூன்றையும் தாக்குகிறது. குடற்சுவர் சிதைவதால் வாந்தியும் கழிச்சலும் வருகின்றன. சிதைந்த சுவர் வழியே குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் இரத்தத்தில் புகுகின்றன. அவற்றை எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்களோ அந்நேரத்தில் இல்லை. காவலரை முன்னரே வீழ்த்திவிட்டுக் கோட்டைக் கதவைத் திறப்பது போன்ற இந்த இரட்டைத் தாக்குதலே பூனையைக் கொல்கிறது. சினைப்பூனைக்கு இந்நோய் கண்டால், வயிற்றில் உள்ள குட்டியின் சிறுமூளை வளராமல் போவதும் உண்டு. அத்தகைய குட்டிகள் பிழைத்தாலும் நடக்கும்போது தள்ளாடும்.

சட்டை அணிந்த கிருமியும் அணியாத கிருமியும்

அடுத்த பூனை எப்போது வரலாம் என்ற கேள்விக்கு விடை வைரஸின் மேலுறையைப் பொறுத்தது.

வைரஸ்களை இருவகையாகப் பிரிக்கலாம். சிலவற்றுக்குப் புரதக்கூட்டின் மேல் கொழுப்பாலான ஒரு சட்டை உண்டு. சிலவற்றுக்கு அது இல்லை. சட்டை அணிந்ததுதான் வலியது என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. கொழுப்புச் சட்டை சோப்பில் கரையும், ஆல்கஹாலில் கரையும், காய்ந்தால் குலைந்துபோகும். சட்டை போனால் அவ்வகை வைரஸ் செயலிழந்துவிடும். 2020-இல் கொரோனா பரவியபோது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று நமக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதன் காரணம் இதுவே. அது சட்டை அணிந்த வைரஸ்.

பார்வோ வைரஸுக்குச் சட்டையே இல்லை. கரைந்துபோவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. கைகழுவும் சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அதை ஒன்றும் செய்வதில்லை. நோயுற்ற பூனையின் மலத்தில் ஏராளமாக வெளிப்பட்டு, தரையின் வெடிப்பிலும் சாக்கிலும் கூடையிலும் தங்கி, ஏற்ற சூழலில் ஓராண்டு வரைகூடத் தொற்றும் ஆற்றலோடு அது காத்திருக்கும். நோய்ப்பட்டுப் பிழைத்த பூனையும் ஆறு வாரம் வரை இதை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். மனிதர்களுக்கு இந்நோய் வருவதில்லை. ஆனால் நம் செருப்பிலும் கையிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு வைரஸ் வீடு விட்டு வீடு செல்லும். வெளியே போகாத பூனைக்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

இதன் உறவுக் கிருமி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோய் 1978-இல்தான் உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. பூனைப் பார்வோவை ஒத்த ஒரு வைரஸ் மாற்றமடைந்து நாய்க்குத் தாவியதன் விளைவு அது. பின்னர்த் தோன்றிய நாய்ப் பார்வோ வகைகள் பூனைக்கும் தொற்றக்கூடியவை. எனவே தெருவில் நாய்க்குட்டிகள் இரத்தக் கழிச்சலில் இறக்கும் காலத்தில் பூனை வளர்ப்பவர்களும் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

ராசியும் கிருமியும்

இப்போது ‘பூனை தங்காத வீட்டை’ மறுபடி நோக்குவோம். எங்கள் எதிர்வீட்டில் முன்பு மூன்று குட்டிகள் அடுத்தடுத்து இறந்தன. முதல் குட்டி இறந்தபோது அதன் கழிச்சல் பட்ட தரை சாணத்தால் மெழுகப்பட்டது; கண்ணுக்கு வீடு சுத்தமாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது குட்டி வந்தது. குட்டி தரையில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். அதற்கு மேல் வைரஸுக்கு என்ன வேண்டும்? தொற்றியதிலிருந்து நோய் வெளிப்பட இரண்டு முதல் பத்து நாள் வரை ஆகும். குட்டி வந்து பத்துப் பதினைந்து நாளில் இறப்பதாகத் தெருவார் சொல்லும் கணக்கு இதனோடு பொருந்துகிறது. அது இறக்கும்போது தரையில் மேலும் புதிய வைரஸை விட்டுச் செல்கிறது. மூன்றாவது குட்டியின் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

செம்பி இறந்த வாரத்தில் என் அப்பத்தா, “இந்த வீட்டுக்கும் ராசியில்லாமப் போச்சு. இன்னொண்ணு வேண்டாம்ப்பா, பாவம் சும்மா விடாது” என்றார். நான் மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தக் கிருமி எங்கே இருக்கு, காட்டு” என்றார். கண்ணுக்குத் தெரியாது என்றேன். “நீ சொல்றதும் கண்ணுக்குத் தெரியாது. நான் சொல்றதும் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் பார்க்காத கிழவியின் கேள்வி என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. பல நாள் யோசித்த பின்பு எனக்குக் கிடைத்த விடை இது. ராசி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை; கிருமி என்று சொன்னால் செய்வதற்கு வேலை இருக்கிறது. எந்த மருந்தில் சாகும், எத்தனை நாள் இருக்கும், எந்த ஊசியில் அடங்கும் என்று சோதித்துப் பார்க்கலாம். சோதனையில் தவறினால் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள வேறுபாடு இதுதான் என்று நான் நினைக்கிறேன். இவ்விடையைச் சொன்னபோது அப்பத்தா, “சரி, வேலையைச் செய், பார்ப்போம்” என்றார்.

செய்ய வேண்டிய வேலை

முதல் வேலை சுத்தம். பார்வோ வைரஸைக் கொல்ல வல்லதும், எளிதில் கிடைப்பதும் குளோரின். ஐந்து விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டு உள்ள வெளுப்பு நீர்மமாயின் ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். நம் ஊர்களில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் 30 விழுக்காடு குளோரின் இருக்குமானால், லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 6 கிராம் அதே வலிமையைத் தரும். பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். புதிதாக வாங்க வேண்டும். கலந்த நீரை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

இதில் நினைவிற்கொள்ள வேண்டியவை நான்கு. ஒன்று, முதலில் சோப்பு நீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மலம், சாணம், மண் முதலியன குளோரினைத் தாமே உண்டு தீர்த்துவிடும். பிறகு கிருமிக்கு மிச்சமிராது. இரண்டு, குளோரின் நீர் பத்து நிமிடமாவது ஈரமாகத் தரையில் நிற்க வேண்டும். தெளித்தவுடன் துடைத்தால் பயனில்லை. மூன்று, கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், சேர்க்கவே கூடாது. கதவு சன்னல்களைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும். நான்கு, பூனை வாழும் வீட்டில் கருப்புப் பினாயில் கூடாது. பினால் வகைப் பொருள்களை உடலிலிருந்து கழித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நமக்குச் சுத்தமாக மணப்பது அதற்கு நஞ்சு.

செம்பி படுத்த சாக்கையும் கூடையையும் எரித்தோம். சிமெண்டுத் தரையை மேற்சொன்னவாறு கழுவினோம். தறிக்கூடத்தில்தான் சிக்கல் எழுந்தது. குளோரின் நீர் ஒரு துளி சாய நூலில் பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும், சேலையே பழுதாகும். ஆகவே ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும் இடைவெளிக்காகக் காத்திருந்து, தறி வெறுமையாக இருந்த ஒரு நாளில் அப்பாவும் நானும் அந்த வேலையை முடித்தோம். தறிக்குழியோ மண். மண்ணில் குளோரின் முழுப்பயன் தராது. மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தினோம். ஆயினும் மண் தரையில் கிருமி அறவே ஒழிந்துவிட்டது என்று யாரும் உறுதி கூற இயலாது. அவ்விடத்தில் நாம் நம்ப வேண்டியது தரையை அன்று, வரப்போகும் பூனையின் உடலை.

வரவேண்டிய பூனை எது?

இழப்பு நேர்ந்த வீட்டில் எல்லாருக்கும் தோன்றுவது, கண் திறந்த ஒரு சின்னக் குட்டியைக் கொண்டுவர வேண்டும் என்பதே. அந்த வீட்டுக்கு மிகவும் ஏற்காததும் அதுவே.

குட்டி பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் உள்ளன. தாய்க்கு நோயெதிர்ப்பு இருந்தால் குட்டிக்கும் சில வாரங்கள் அது துணைநிற்கும். பின்பு நாளுக்கு நாள் குறையும். குறையும் காலத்தில் ஓர் இக்கட்டு உண்டு. மிஞ்சியுள்ள எதிர்ப்பொருள் வீட்டுத் தரையில் உள்ள வைரஸைத் தடுக்கப் போதாது. ஆனால் ஊசியில் உள்ள வலுவிழந்த வைரஸை அழித்து ஊசியை வீணாக்கப் போதும். இந்த இடைவெளி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு வாரத்தில் வரும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை தடுப்பூசியைத் திரும்பப் போடுகிறார்கள். ஒரே ஊசி போட்டுவிட்டோம் என்று குட்டியை நோய்கண்ட வீட்டில் விடுவது ஆபத்து. ஆறு மாதம் அல்லது ஓராண்டில் மறு ஊசியும், அதன் பின்னர் இந்நோய்க்கு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் போதுமானவை.

எனவே வழிகள் இரண்டு. குட்டிதான் வேண்டுமெனில் ஓராண்டு காத்திருந்து, அதன் பின்னும் ஊசிகள் அனைத்தையும் முடித்துக் கொண்டுவருவது ஒன்று. அவ்வளவு நாள் பொறுக்க இயலாதெனில், வளர்ந்த பூனையைத் தேர்ந்து, அது இருக்கும் இடத்திலேயே ஊசி போட்டு, உடலில் எதிர்ப்பாற்றல் உண்டான பின் அழைத்து வருவது மற்றொன்று. இந்நோய்க்கான உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் ஊசி விரைந்து பயன் தருவது. ஆயினும் இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. சினைப்பூனைக்கும் நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் இவ்வூசி போடலாகாது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றுக்கு முதலில் ஊசி போட்டு, இரண்டு வாரமாவது தனியே வைத்துக் கவனித்த பிறகே புதியதைச் சேர்க்க வேண்டும்.

நோயின் பெயர் தெரிய வேண்டும்

மேலே சொன்னது பார்வோவுக்கு உரிய கணக்கு. எல்லாத் தொற்றுநோய்க்கும் அது பொருந்தாது. எடுத்துக்காட்டாகப் பூனை இரத்தப்புற்று வைரஸ் 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் என்பவரால் கண்டறியப்பட்டது. அது எச்சில் வழியே, ஒன்றையொன்று நக்குவதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் பரவும். சட்டை அணிந்த வைரஸ் ஆதலால் காய்ந்த தரையில் நெடுநேரம் தாங்காது. பூனைகளின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மற்றொரு வைரஸ் 1986-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் கடியால் பரவும் அதுவும் அவ்வாறே. இந்நோய்களில் ஒரு பூனை இறந்திருந்தால், வீட்டை வழக்கம்போல் கழுவித் தட்டுகளை மாற்றினாலே போதும். ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டில் எஞ்சிய பூனைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமல் புதியதைச் சேர்க்கக் கூடாது. அங்கே நோய் தங்குவது தரையில் அன்று. உடன் வாழும் பூனையின் உடலில்.

வெறிநோய் என்ற ஐயம் எழுந்தாலோ பூனையைப் பற்றிய சிந்தனை பிறகு. மனிதர்களைப் பற்றியதே முதலில். கடித்த, பிராண்டிய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்து வரும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் தவறாமல் போட வேண்டும்.

இதனால் தெளிவாவது என்ன? பூனை எதனால் இறந்தது என்று அறியாமல் அடுத்ததை எப்போது கொண்டுவரலாம் என்று யாரும் கூற முடியாது. பிழைக்காத பூனைக்கு மருத்துவச் செலவு எதற்கு என்று எங்கள் தெருவில் சிலர் அப்பாவைக் கேட்டார்கள். அன்று நோயின் பெயரைத் தெரிந்துகொண்டது இறந்துபோன செம்பிக்குப் பயன்படவில்லை. அடுத்த பூனைக்குப் பயன்பட்டது.

வந்த பூனை

செம்பி இறந்தபின் எலிகள் தறிக்கூடத்தை மறக்கவில்லை. ஓராண்டு காத்திருக்க எங்களால் இயலாது. அடுத்த ஊரில் சித்தி வீட்டில் இரண்டு வயதுப் பெண்பூனை ஒன்று இருந்தது. அது சினையாக இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நான்கு வார இடைவெளியில் இருமுறை ஊசி போட்டோம். ஒவ்வொரு முறையும் ஊசிக்கும் பேருந்துக்குமாக அப்பாவின் இரண்டு நாள் கூலி செலவாயிற்று. நான்கு நாள் கூலியைப் பூனைக்குச் செலவழிப்பதா என்று அம்மா கேட்டார். எலி அறுத்த பாவைச் சரிசெய்வதில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் எத்தனை நாள் போயிற்று என்று அப்பா கணக்குச் சொன்னார். அதன் பிறகு அம்மா பேசவில்லை.

இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, 2025 பிப்ரவரியில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் பத்து நாளும் அப்பத்தா அதை வாய்விட்டுக் கூப்பிடவில்லை, பெயரும் வைக்கவிடவில்லை. பதினைந்தாம் நாள் அதன் தட்டில் மீன் தலை ஒன்றை வைத்தார். என் தங்கை மட்டும் இன்னும் சில வேளைகளில் வாய்தவறி அதைச் செம்பி என்று அழைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாள். ஒரு பூனையின் இடத்தை இன்னொரு பூனை நிரப்பிவிடும் என்று விலங்கியல் எங்கும் கூறவில்லை, கூறவும் முடியாது. புதிதாக வருவதைச் சாகவிடாமல் காப்பதற்கு மட்டுமே அறிவியல் வழிசொல்கிறது.

பூனை இன்றளவும் நலமாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் சென்ற மாதம் என்னிடம் வந்து, பிளீச்சிங் பவுடர் எத்தனை கிராம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். நம் வகுப்பறையில் கேட்பவை தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகின்றன என்று நாமே பலமுறை குறைப்பட்டிருக்கிறோம். ஆனால் வைரஸின் மேலுறை பற்றிய ஒரு பத்திப் பாடம், ஒரு தெருவில் குட்டிகள் சாவதை நிறுத்த உதவும். உங்கள் ஊரில் பூனையோ நாயோ நோய்கண்டு இறந்த வீட்டில் அடுத்ததைக் கொண்டுவரப் புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அவர்களிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். எந்த நோயில் இறந்தது? தரையை எதைக்கொண்டு கழுவினீர்கள்? வரப்போவதற்கு ஊசிகள் முடிந்துவிட்டனவா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை குட்டி அதன் தாயிடமே இருக்கட்டும்.